தட்டிப் பார்க்கும் அத்திம்பேர்

எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த அன்று அத்திம்பேர், அக்காவைப் பார்த்ததைவிட எங்கள் குழாயைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

பொன்மலையில் அப்பாவுக்கு ரயில்வே குவார்ட்டர்ஸ். கொல்லைப்பக்கம் ஒரு குழாய். கையலம்பிவிட்டு வருகிறேன் என்று போன மாப்பிள்ளை திரும்பவில்லை. கூடத்தில் சொஜ்ஜியும் பஜ்ஜியும் ஆறிக்கொண்டிருந்தன. கூட வந்திருந்த அவருடைய அண்ணாவும் மன்னியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா எனக்குக் கண் காட்டினார். நான் போய்ப் பார்த்தேன். குழாயை மெல்லிசாகத் திறந்துவிட்டு, முழங்காலில் கையூன்றிக் குனிந்து நின்றிருந்தார். மேலே கம்பியாக இறங்கிய தண்ணீர் கீழே வரவர நெளிந்து மணிமணியாக உடைந்துகொண்டிருந்தது. அவர் விரலால் குழாயை ஒரு தட்டுத் தட்டினார். உடைகிற இடம் மேலே ஏறியது. முகமெல்லாம் சிரிப்பு.

"ஓய், பாரும். உடைன்னு அதுக்கு யாரும் சொல்லலை. தானா உடையறது," என்றார்.

நான் ரயில்வே பார்சல் ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதுவரை யாரும் என்னை 'ஓய்' போட்டுப் பேசியதில்லை. கௌரவமாக இருந்தது. "ஆமாம், உடையறது," என்று நானும் குனிந்து பார்த்தேன். அப்பாவோ, மாப்பிள்ளை தண்ணீர் வசதியைச் சோதிக்கிறார் என்று முடிவு கட்டி, கூடத்திலிருந்தே குரல் கொடுத்தார். "இங்க தண்ணிக்குக் கஷ்டமே கிடையாது மாப்பிள்ளை! நாள் பூரா வரும்!"

உள்ளே அக்கா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சரி என்று சொல்லிவிட்டதாகப் பின்னால் என்னிடம் சொன்னாள். கழுத்து நீட்டுவதற்கு அதைவிட மோசமான காரணங்கள் உலகத்தில் உண்டு.

அவர் திருச்சியில் ஒரு கல்லூரியில் பௌதிக விரிவுரையாளர். ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் வீடு. ஒல்லி, உயரம், நெற்றியில் மெல்லிசாக ஒற்றைக் கோடு ஸ்ரீசூர்ணம். சட்டைப் பையில் எப்போதும் சாக்பீஸ் துண்டு கிடப்பதால் அந்தப் பை மட்டும் வெளுத்துப்போய் இருக்கும். எதைப் பார்த்தாலும் தட்டிப் பார்ப்பார். அடுக்கி வைத்த பாத்திரம், சாய்த்து வைத்த ஏணி, பஸ்ஸின் கைப்பிடிக் கம்பி, மூட்டை ஏற்றிய வண்டி. பலமாக அல்ல. நடுவிரலால் ஒரே ஒரு சுண்டு. சுண்டிவிட்டு, ஆட்டம் அடங்குகிறதா வளர்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பார்.

"நிக்கறதுங்கறது வேற ஓய். நிலையா நிக்கறதுங்கறது வேற. சும்மா பார்த்தா ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். தட்டினாத்தான் தெரியும்."

கல்யாணத்தன்று சமையல்காரர் கோபுரமாக அடுக்கி வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர்களைத் தட்டிப் பார்த்தார். அது தன் நிலைமையை உடனே தெரிவித்தது. சத்தம் கேட்டு நாதஸ்வரக்காரர் நிறுத்திவிட்டார். தட்டியது மாப்பிள்ளை என்பதால் சமையல்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கினார். அத்திம்பேர் பொறுக்க உதவவில்லை. நடுவில் இருந்த எந்த டம்ளர் முதலில் நகர்ந்தது என்பதை எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அப்போது எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

என்ன ஆராய்ச்சி செய்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். காபி ஆறிப்போகும் வரை சொன்னார். இருந்தாலும் அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. பார்சல் குமாஸ்தாவுக்குப் புரிகிற மாதிரி பிளாஸ்மாவைச் சொல்ல அவரால் முடிந்தது.

வாயுவை மகா சூடாக்கினால் அதன் அணுக்களே பிய்ந்துபோகுமாம். அதுதான் பிளாஸ்மா. அதன் வழியே பலமான மின்சாரத்தை விட்டால், அந்த மின்சாரம் தன்னைச் சுற்றித் தானே ஒரு காந்தப் புலத்தை உண்டாக்கும். அந்தப் புலம் நாலாபக்கமும் பிளாஸ்மாவைப் பிழிந்து, குழாய்ச் சுவரில் படாமல் நடுவில் ஒரு கம்பியாக நிறுத்தும். அப்படியே நிறுத்தி வைக்க முடிந்தால் சூரியனில் நடப்பது இங்கேயும் நடக்கும், தண்ணீரில் இருக்கிற ஹைட்ரஜனைக் கொண்டே மின்சாரம் எடுத்துக்கொண்டிருக்கலாம்.

"நிறுத்தி வைக்க முடியலை. அதான் விஷயம்," என்றார். "கம்பி எங்கயாவது துளி ஒடுங்கித்துன்னு வெச்சுக்கும். ஒடுங்கின இடத்துல புலம் பலமாயிடும். பலமானா இன்னும் பிழியும். பிழிஞ்சா இன்னும் ஒடுங்கும். துளி வளைஞ்சாலும் அப்படித்தான். வளைவுக்கு உள்பக்கம் புலம் நெருக்கியடிச்சுண்டு இன்னும் வளைச்சுவிடும். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுடும்."

"இத்தனை அணுவுக்கும் எப்படிக் கணக்குப் போடறேள்?"

"போட முடியாது. அதனால மொத்தத்தையும் ஒரு திரவம்னு வெச்சுண்டுடறேன். காவேரியில தண்ணி போறது, ஒவ்வொரு சொட்டையுமா பேர் சொல்லிக் கூப்பிடறோம்? மட்டம் என்ன, வேகம் என்ன, அழுத்தம் என்ன, அவ்வளவுதான். அந்தத் திரவத்தைக் காகிதத்துல லேசாத் தட்டறேன். அடங்கறதா, வளர்றதா, வளர்ந்தா எத்தனை வேகத்துல வளரும், அதைச் சமன்பாடு சொல்லிடும்."

அந்தக் காலத்தில்தான் ஒருநாள், வெளிநாட்டில் சூரியனையே குழாய்க்குள் பிடித்துவிட்டார்கள் என்று பேப்பரில் கொட்டை எழுத்தில் வந்தது. நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஸ்ரீரங்கம் போய் அவரிடம் காட்டினேன். படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். "நின்னிருக்காது ஓய்," என்றார். சில மாதம் கழித்து, அவசரப்பட்டுவிட்டோம் என்று அதே பேப்பரில் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் வந்தது. நான் அவரை நினைத்துப் பெருமைப்பட்டேன். அவருக்கு அதில் சந்தோஷம் இல்லை. ஜுரம் வந்த குழந்தையைப் பற்றிக் கேட்டதைப் போல முகத்தை வைத்துக்கொண்டார்.

அவருக்குத் தெரிகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. தெரிந்து என்ன செய்தார் என்பதில்தான் எனக்கும் அவருக்கும் சண்டை.

ஒரு வைகுண்ட ஏகாதசிக்கு இருவரும் ஸ்ரீரங்கம் கோயில் வரிசையில் நின்றோம். வீதியில் இரண்டு பக்கமும் கயிறு கட்டியிருந்தது. நடுவில் ஜனங்கள். முசிறி, மணப்பாறையிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். மூலையில் வரிசை திரும்பும் இடத்தைப் பார்த்துக்கொண்டே அத்திம்பேர் என் தோளைத் தொட்டார்.

"ஓய், அந்த வளைவைப் பாரும். உள்பக்கம் நெருக்கறது, வெளிப்பக்கம் பிதுங்கறது. இப்பத்தான் ஆரம்பம். அடங்காது. வளரும்."

நான் வாயைத் திறப்பதற்குள் வளைவு உடைந்தது. வெளிப்பக்கம் இருந்தவர்கள் கயிற்றோடு சரிந்தார்கள். நான் பாய்ந்து போய்க் கீழே கிடந்த ஒருவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினேன். முசிறிக்காரர், வாழை விவசாயி. முழங்கால் சிராய்த்து வேட்டியில் ரத்தம். "ஒண்ணுமில்லீங்க தம்பி, முட்டிதான். நீங்க போங்க, வரிசை போயிரும்," என்று எனக்கே சமாதானம் சொன்னார். திரும்பிப் பார்த்தேன். அத்திம்பேர் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையும் பாதி நீட்டினபடி இருந்தன.

வீட்டுக்கு வந்ததும் என் கோபம் தாங்கவில்லை. "தெரிஞ்சா கத்தியிருக்கக் கூடாதா?"

"சொன்னேனே ஓய்."

"எங்கிட்டச் சொன்னேள். விழப்போறவாகிட்டச் சொல்லலையே!"

அக்கா எங்கள் இருவருக்கும் தீர்த்தம் கொண்டுவந்து வைத்தாள். அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போனாள். அவருக்குக் கல்நெஞ்சு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் அந்த முசிறிக்காரரின் விலாசம் வாங்கினீரா என்று இரண்டு தரம் கேட்டார்.

இனி அக்காவைச் சொல்ல வேண்டும். அவளைச் சொல்லாமல் அவரைச் சொல்லி முடிக்க முடியாது.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அக்கா தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சர். நான்கு பேர் பேசினால் ஐந்தாவது குரல் அவளுடையதாகத்தான் ஓங்கி இருக்கும். சித்திரை வீதி வீட்டில் அண்ணா, மன்னி, அவர்களுடைய குழந்தைகள். அண்ணா சாது. காலையில் வீட்டுப் பெருமாளுக்குத் திருவாராதனம், பிறகு கோயிலில் பெருமாள் சேவை, பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் சம்ஸ்கிருதம். மன்னியும் நல்ல மனுஷி. அந்த வீட்டில் கெட்டவர்கள் யாருமில்லை என்பதை நான் இன்றைக்கும் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

மன்னிக்கு மூன்றாவது பிரசவம். "கொஞ்ச நாளைக்கு லீவு போட முடியுமோ?" என்று அக்காவிடம் கேட்டார்கள். போட்டாள். குழந்தைக்குச் சீக்கு. லீவு ராஜினாமா ஆயிற்று. பெரியவன் படிக்க இடம் வேண்டும் என்றார்கள். தன் மாடியறையில் பாதியைக் கொடுத்தாள். பிறகு, முழுதாகவே கொடுத்தால் சௌகரியம் என்று ஆயிற்று. சமையலறையில் தளிகைக்கு ஒத்தாசையாக இறங்கினாள். சில வருஷத்தில் தளிகை முழுதும் அவள் தலையில். ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துப் பார்த்தால் எந்த வீட்டிலும் நடக்கிறதுதான். கேட்டால் கொடுத்தாள், கொடுத்ததால் கேட்டார்கள். அவளுக்குக் குழந்தை இல்லை, ஆகையால் அவளிடம் கேட்பது எல்லோருக்கும் சுலபமாக இருந்தது. நான் போகும்போதெல்லாம் அவள் குரல் கொஞ்சம் இறங்கியிருக்கும். கடைசியில், வந்தவனுக்குக் காபி வேண்டுமா என்பதைக்கூடத் தலையாட்டிக் கேட்க ஆரம்பித்தாள்.

ஒரு மத்தியானம் அத்திம்பேர் முற்றத்துச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து எனக்கு சாக்பீஸால் படம் போட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒடுங்கின ஒரு கம்பி, சுற்றிலும் வளையம் வளையமாகக் காந்தப் புலம். அக்கா கையில் கீரைக்கட்டோடு அந்தப் பக்கம் வந்தவள் நின்று படத்தைப் பார்த்தாள். டிராயிங் டீச்சர் அல்லவா. வெகுநாளைக்குப் பிறகு அவள் தானாக ஒரு கேள்வி கேட்டதை அன்றுதான் பார்த்தேன்.

"இந்த ஒடுங்கின இடம் இருக்கே, அது என்ன பண்ணணும்?"

"அதால ஒண்ணும் பண்ண முடியாது," என்றார் அவர், படத்தைப் பார்த்தபடியே, வகுப்பில் சொல்வதைப் போல. "ஒடுங்க ஒடுங்க அழுத்தம்தான் ஜாஸ்தியாகும். ஒண்ணு, உள்ள நீளவாக்குல வேற ஒரு புலம் வேணும். முதுகெலும்பு மாதிரி. இல்லேன்னா வெளியில பக்கத்துலயே ஒரு உலோகச் சுவர் இருக்கணும். கம்பி வளைஞ்சு வந்தா அந்தச் சுவர் திருப்பித் தள்ளும். தானா நிமிராது."

"அப்போ வெளியிலேர்ந்துதான் யாராவது பண்ணணும்."

"ஆமாம்."

"சரி," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

அவர் கையிலிருந்த சாக்பீஸ் அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் சமையலறை வாசலைப் பார்த்தார். புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. எழுந்து போவார் என்று காத்திருந்தேன். அவர் படத்தில் இன்னும் ஒரு வளையம் போட்டார். எனக்கு அங்கேயே தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

வழி இல்லாமலும் இல்லை. கல்லூரியில் ஆசிரியர்களுக்கு நாலைந்து வீடுகள் உண்டு. அதில் ஒன்று காலியானது. சீனியாரிட்டிப்படி அத்திம்பேருக்குத்தான். ஒரு வாரத்துக்குள் சரி என்று சொல்ல வேண்டும். ஒருநாளும் இல்லாத வழக்கமாக, அக்காவைத் தானே கூட்டிக்கொண்டு போய் அந்த வீட்டைக் காட்டினார். நானும் போனேன். இரண்டு அறை, வடக்குப் பார்த்த ஒரு பெரிய ஜன்னல். அக்கா அந்த ஜன்னலடியில் நின்று, "இங்க ஒரு மேஜை போட்டா வெளிச்சம் நன்னா விழும்," என்றாள். ஜன்னல் கதவை அவர் நடுவிரலால் சுண்டினார். அவள் சத்தமாகச் சிரித்தாள். பழைய சிரிப்பு.

அண்ணாவிடம் சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி.

"ஒரே தளிகை, ஒரே பெருமாள்னு இருந்த அகம் ஓய். நான் தனியா போறேன்னா அண்ணா உடைஞ்சு போயிடுவார். என்னைப் படிக்க வெச்சவர். மன்னி ஒண்டியா என்ன பண்ணுவா? குழந்தைகள் எங்கிட்டத்தான் கணக்குப் படிக்கறா..." இப்படி ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே இருந்தார். நாளைக்குச் சொல்கிறேன் என்றார். அடுத்த நாள் அண்ணாவுக்கு ஏகாதசி விரதம், பட்டினியாக இருக்கிறவரிடம் எப்படிச் சொல்வது என்றார். அதற்கடுத்த நாள் மன்னியின் தம்பி வந்திருந்தான்.

அவருக்கு அடுத்த சீனியாரிட்டி பாலக்கரைக்காரர், ரசாயன விரிவுரையாளர், சாயபு. நல்ல மனிதர். கடைசி நாளன்று பார்சல் ஆபீஸுக்கே என்னைத் தேடி வந்துவிட்டார்.

"உங்க மச்சான்கிட்ட ரெண்டு தடவை கேட்டுட்டேன் தம்பி. எடுத்துக்குங்கன்னு சொல்லிட்டுச் சிரிக்கிறாரு. அந்தச் சிரிப்பு எனக்குச் சரியாப் படலை. அவருக்கு வேணும்னா நான் விட்டுடறேன், அல்லா மேல ஆணை. நீங்க ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க."

நான் பஸ் பிடித்துக் கல்லூரிக்கு ஓடினேன். அவர் கரும்பலகை முன்னால் தனியாக நின்றிருந்தார். "வேண்டாம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன் ஓய்," என்றார். இனிமேல் தட்டிப் பார்க்க ஒன்றும் இல்லாதவர் மாதிரி கைகளைத் தொங்கவிட்டிருந்தார்.

அந்த மாதமே அக்கா நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று பொன்மலைக்கு வந்தாள். அப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். குவார்ட்டர்ஸ் என் பெயரில் இருந்தது. எனக்கும் கல்யாணமாகியிருந்தது. என் மனைவி தன் புடவைப் பெட்டிக்குப் பக்கத்தில் அக்காவின் பெட்டிக்கு இடம் பண்ணிக்கொடுத்தாள். நாலு நாள் போயிற்று. பழைய பள்ளியில் ஒரு டீச்சர் பிரசவ லீவில் போக, அந்த இடத்துக்கு அக்காவைக் கூப்பிட்டார்கள். போனாள். ஒரு வாரத்தில் அவள் குரல் அடுத்த குவார்ட்டர்ஸுக்குக் கேட்டது.

அத்திம்பேர் ஞாயிற்றுக்கிழமைதோறும் வருவார். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து, வாசலில் செருப்பை ஒழுங்காகச் சேர்த்து வைத்துவிட்டு, "உள்ள வரலாமா?" என்று கேட்பார். தன் மனைவியைப் பார்க்க வந்தவர் கேட்கிற கேள்வியா அது? அக்கா சாத்தமுதும் கறியமுதும் அவருக்குப் பிடித்தபடி செய்து போடுவாள். சாப்பிட்டுவிட்டுக் கொல்லையில் குழாயடியில் நிற்பார். அவள் பாத்திரம் தேய்ப்பாள். இரண்டு பேரும் சிரித்துப் பேசிக்கொள்ளும் சத்தம் கேட்கும். சாயங்காலம் பஸ். சண்டை போட்டுப் பிரிந்தவர்களாக இருந்தால் சமாதானம் செய்து வைக்கலாம். இவர்களை என்ன செய்வது? ஆபீஸில் உடைந்த பார்சலுக்காவது ஒரு வழி உண்டு.

ஒருமுறை பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "எதையும் வளருமா அடங்குமான்னு சொல்லுவேளே அத்திம்பேர். இதுக்கு உங்க கணக்கு என்ன சொல்றது?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நிஜமாகவே யோசித்தார். "என் சமன்பாடெல்லாம் சின்ன ஆட்டத்துக்குத்தான் ஓய். ஆரம்பத்துல சரியாச் சொல்லும். பெரிசாயிடுத்துன்னா அதுக்கு வாய் கிடையாது. பெரிசானப்புறம் என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. யாருக்குமே இன்னும் தெரியாது."

இதைச் சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு அவரை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது.

அந்த வருஷங்களில்தான் அவருடைய கட்டுரை வெளிவந்தது. பிளாஸ்மாக் கம்பிக்கு உள்ளே நீளவாக்கில் எவ்வளவு புலம் வேண்டும், சுற்றியுள்ள சுவர் எத்தனை நெருக்கத்தில் இருந்தால் கம்பி நிற்கும் என்று கணக்கிட்டிருந்தார். அச்சான பிரதியை முதலில் அக்காவிடம்தான் கொண்டுவந்து கொடுத்தார். அவள் புரியாத எழுத்துகளையெல்லாம் விட்டுவிட்டு, உள்ளேயிருந்த படங்களைப் பார்த்து, "இந்தக் கோடு கொஞ்சம் கோணல்," என்றாள். "ஆமாம், நீ போட்டிருந்தா நேரா இருந்திருக்கும்," என்றார். சில மாதத்தில் கப்பலில் வந்த ஒரு பத்திரிகையில் ஏறக்குறைய அதே முடிவுகள் வேறு யாரோ பெயரில் இருந்தன. இவர் எழுத ஆரம்பிப்பதற்கு முன்பே அது அங்கே அச்சாகிவிட்டதாம். கல்லூரி லைப்ரரிக்கு வந்து சேரத்தான் அத்தனை நாள். "போட்டது தப்பில்லைன்னு தெரிஞ்சுதே ஓய், அது போறும்," என்றார். எனக்குப் போதவில்லை.

பிறகு எனக்கு விழுப்புரத்துக்கு மாற்றல் ஆர்டர் வந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அக்காவின் பள்ளியிலும் ஒருவர் லீவு முடிந்தால் இன்னொருவர் லீவு என்று ஓடிய வேலைதான், நிரந்தரமில்லை. அவள் என்னோடு விழுப்புரம் வருவதா, அவரோடு ஒரு வீட்டில் இருப்பதா? அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா அவருக்கு இலை போட்டுவிட்டுச் சொன்னாள். "சித்திரை வீதிக்குத் திரும்பி வர மாட்டேன். திருச்சியில எங்கயாவது ஒரு அறை பாருங்கோ, வரேன். அண்ணாகிட்டச் சொல்லிட்டு வாங்கோ. சொல்லாம வர வேண்டாம்."

அவர் சாப்பிட்டு முடித்ததும் நான் சட்டையை மாட்டிக்கொண்டேன். "வாங்கோ, நானும் வரேன்," என்றேன். இழுத்துக்கொண்டுதான் போனேன். பஸ் காவேரிப் பாலத்தில் போகும்போது அவர் முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அண்ணா கோயிலிலிருந்து வந்து காலலம்பிக்கொண்டிருந்தார். தலை நரைத்து இன்னும் சின்ன மனிதராகியிருந்தார். "வாடா. என்ன, மச்சினனையும் அழைச்சுண்டு வந்திருக்கே?" என்றார்.

அத்திம்பேர் தூணோரம் நின்றார். ஒரே மூச்சில் சொன்னார். "அண்ணா, நாங்க தனியா இருக்கலாம்னு பார்க்கறோம்."

அண்ணா செம்பைக் கீழே வைத்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். கோபம் வரும், அழுகை வரும் என்று நான் எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன்.

"இருங்கோடா. இதைக் கேக்கவா இத்தனை வருஷம்?" என்றார் அண்ணா. "அப்பவே உன் மன்னி சொன்னா, அவாளைத் தனியா வெச்சுடுங்கோ, அந்தப் பொண்ணு வாடிப் போறதுன்னு. நானாச் சொன்னா, அண்ணா வெளியில போகச் சொல்லிட்டார்னு உன் மனசு நோகுமேன்னு விட்டேன். நீயா கேப்பேன்னு காத்துண்டிருந்தேன். நீ கேக்கவே இல்லை. உனக்கு இங்கதான் இருக்கணும்போல இருக்குன்னு நினைச்சுண்டேன்."

சமையலறையிலிருந்து மன்னி, "நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா?" என்றாள். அவள் குரல்தான் உடைந்திருந்தது.

ஊரில் நிற்கிற எல்லாவற்றையும் தட்டிப் பார்த்த மனிதர், இந்த ஒன்றை மட்டும் தட்டாமலே உறுதி என்று வைத்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. ஒரு சொல்லில் எல்லாம் முடிந்துவிட்டதே என்ற சந்தோஷம். திரும்பும்போது பஸ்ஸில் வழியெல்லாம் நான்தான் பேசினேன். தில்லைநகரில் யாரோ ஒருவரின் மாடிப் போர்ஷன் காலியாக இருப்பதைச் சொன்னேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

அக்கா பள்ளிப் பிள்ளைகளின் டிராயிங் தாள்களைக் கூடத்தில் பரப்பித் திருத்திக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"சொல்லிட்டேளா?"

"சொல்லிட்டேன்," என்றார்.

"என்ன சொன்னார்?"

அங்கே அவர் கொஞ்சம் பூசி மெழுகியிருக்கலாம். அண்ணா சம்மதித்துவிட்டார் என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். அவருக்கு அது தெரியாது. கணக்கில் எங்கே தப்பு என்று பலகையில் காட்டுவதைப் போல, நடந்ததை ஒரு சொல் குறைக்காமல் சொன்னார். அண்ணா அன்றைக்கே அனுப்பியிருப்பார் என்பதையும், மன்னி அப்போதே சொன்னாள் என்பதையும் சொன்னார். "அவர் தடுப்பார்னு நானா வெச்சுண்டுட்டேன்," என்று முடித்தார்.

அக்கா அசையாமல் கேட்டாள். நான் எதிர்பார்த்த சந்தோஷம் அவள் முகத்துக்கு வரவில்லை. பரப்பியிருந்த தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக எடுத்து அடுக்கினாள். ஓரம் தட்டிச் சரிசெய்தாள். அவள் பேசியபோது குரல் ஓங்கவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"உங்க அண்ணா உங்களைப் பிடிச்சு வெச்சிண்டிருக்கார்னு நினைச்சுண்டிருந்தேன். பாவம், நீங்க என்ன பண்ணுவேள்னு, அந்த நினைப்புலதான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை உங்களுக்குச் சமைச்சுப் போட்டேன். யாருமே பிடிச்சுக்கலையா? இனிமே யாரைச் சொல்லி நான் பொறுத்துக்கறது?"

"தெரியலை," என்றார் அவர்.

என் மனைவி அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் தில்லைநகர் போர்ஷனைப் பற்றி மறுபடி ஏதோ ஆரம்பித்தேன். ஒருவரும் கேட்கவில்லை, நானும் நிறுத்திக்கொண்டேன். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அக்காதான் அவருக்கு நினைவுபடுத்தினாள். அடுத்த மாதம் என்னோடு விழுப்புரத்துக்கு வந்துவிட்டாள்.